உறை கழற்றாத மெத்தை

“சிறுமியின் மெத்தை கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இன்னும் இருக்கிறது. இந்தத் தம்பதியர் தங்கள் மனத்தில் பிள்ளைக்கு உண்மையிலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பது தெளிவாகவில்லை.”

எங்களைப் பற்றிச் சிறுவர் நீதிமன்றத்துக்குப் போன அறிக்கையில் இப்படி இரண்டு வரிகள் இருந்தன. எழுதியவள் நகரசபையின் சமூகப் பணிப் பெண். இத்தாலியர்கள் அசிஸ்தெந்தே என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். முப்பது வயதிருக்கும். ஓகஸ்ட் மாதத்து வெயிலிலும் கழுத்தில் ஒரு சால்வை. எங்கள் வீட்டுக்கு வந்தால் சோபாவின் நுனியில்தான் உட்காருவாள். தேத்தண்ணி வேண்டாம் என்பாள். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் எழுதத் தொடங்கிவிடுவாள். நான் சொல்லாததைத்தான் இவள் எழுதுகிறாள் என்று எனக்கு முதல் நாளே சந்தேகம்.

வழக்கறிஞர் அந்த வரிகளை வாசித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மெத்தையின் உறைக்கும் என் மனத்துக்கும் என்ன சம்பந்தம்? பல்கலைக்கழகம் போய்ப் படித்தவர்களால்தான் இப்படியெல்லாம் யோசிக்க முடியும். பிறகு வழக்கறிஞரின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பிள்ளையை எங்களுக்கே தத்துக் கொடுப்பதா, பட்டியலில் காத்திருக்கும் வேறொரு தம்பதிக்குக் கொடுப்பதா என்பதை நீதிபதி இந்தத் தாள்களை வைத்துத்தான் முடிவு செய்வார் என்றார். அதற்கு முன் இன்னொரு தடவை வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள் என்றும் சொன்னார்.

எங்கள் வீடு சிசிலித் தீவில், அல்பெர்கேரியா என்ற பகுதியில், சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்தில், மூன்றாம் மாடி. இந்த ஊரில் பத்தொன்பது வருடமாக நான் மற்றவர்களின் வீடுகளைத் துடைக்கிறேன். என் கணவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் சமையல்கட்டில் நிற்கிறார். பிள்ளை இல்லை. கும்பிடாத கோயில் இல்லை, காட்டாத வைத்தியர் இல்லை. சைவ சமயக்காரரான என் கணவர் இந்த ஊர்க் கத்தோலிக்கர் கும்பிடும் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக் குகைக்குக்கூடச் செருப்பில்லாமல் ஏறினார். காலில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

மொண்டெல்லோவில் நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராதான் அஃபீதோ என்ற சொல்லை முதலில் என் காதில் போட்டாள். அரசாங்கப் பொறுப்பில் இருக்கும் பிள்ளையை ஒரு குடும்பம் வாங்கிக் கொஞ்சக் காலம் வளர்ப்பது. பெற்றவர்கள் தேறி வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வராவிட்டால் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நாங்கள் விண்ணப்பம் போட்டதும் சிஞ்ஞோரா என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினாள். “என்ன மனசு! என்ன மனசு!” என்று தன் சிநேகிதிகளிடமெல்லாம் சொன்னாள். தன் பேரப்பிள்ளைகள் விளையாடி முடித்த பொம்மைகளை ஒரு பையில் கட்டித் தந்தாள். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் மூன்று பொம்மைகளுக்குத் தலை இல்லை. குப்பைத் தொட்டி வரை போக அலுப்புப்பட்டவளுக்கு நான் கிடைத்தேன்.

அஃபீதோவுக்கு முன்னால் ஒரு வகுப்பு இருந்தது. ஆறு மாலைகள். பிள்ளை இல்லாத இத்தாலியத் தம்பதிகளும் நாங்களும் வட்டமாக உட்கார வேண்டும். ஒரு நூல்பந்தை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எறிந்து நாங்கள் எல்லோரும் எப்படிப் பின்னப்பட்டிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். நடத்தியவள் ஒரு மனநல நிபுணி, அடிக்கடி கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவள். ஒரு நாள் எங்கள் எதிர்பார்ப்பைப் படமாக வரையச் சொன்னாள். காலையிலிருந்து மீன் கழுவிவிட்டு வந்த என் கணவர் ஒரு மீனை வரைந்தார். அவருக்கு வரையத் தெரிந்தது அது ஒன்றுதான். அந்தப் பெண் மீனைப் பத்து நிமிடம் பார்த்தாள். இது ஆழத்திலிருந்து வருகிறது, தண்ணீர், கருப்பை என்று என்னவோ சொன்னாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். “நான் வாள்மீன்தான் கீறினனான்” என்று இவர் என் காதுக்குள் சொன்னார்.

இப்படிப்பட்டவர்களின் கையில்தான் எங்கள் பிள்ளை இருந்தது.

ஒரு நாள் அசிஸ்தெந்தே தொலைபேசியில் அழைத்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ஏழு வயதுப் பெண்பிள்ளை, இரண்டு வயதிலிருந்து பிள்ளைகள் இல்லத்தில் வளர்கிறாள், “உங்கள் கலாசாரத்துப் பிள்ளை” என்றாள். அவளுக்குத் தெரிந்த அளவில் என் கலாசாரம் என்பது சோறும் சேலையும். ஆனால் பிள்ளையைப் பெற்றவள் உண்மையில் எங்கள் ஆள்தான். இந்த ஊரில் தனியாக நின்று, மனம் குழம்பி, பிள்ளையைப் பார்க்க முடியாமல் போனவள். அவளைப் பற்றி எங்கள் ஆட்கள் கதைத்தது போதும். நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

இல்லத்துக்குப் போகும்போது நான் உழுந்து வடை சுட்டுக்கொண்டு போனேன். கன்னியாஸ்திரிகள் இரண்டு பேர், அசிஸ்தெந்தே, மனநல நிபுணி, என் கணவர், நான். எல்லோரும் பல்லை இளித்துக்கொண்டு நின்றோம். பிள்ளை வந்தாள். மெலிந்த கால், வெட்டிவிட்ட தலைமயிர், கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிலை. பெட்டியைத் திறந்து காட்டினேன். குனிந்து முகர்ந்தாள்.

“கி ஃபேத்து!” என்றாள்.

என்ன நாற்றம் என்று அர்த்தம். இத்தாலியம்கூட இல்லை, சந்தையில் மீன்காரர்கள் கத்தும் சுத்தமான சிசிலிப் பேச்சு. கன்னியாஸ்திரிகளுக்கு முகம் சிவந்தது. அசிஸ்தெந்தே அவசரமாக எதையோ எழுதினாள். எனக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துப்போனது. அத்தனை பேர் நடித்துக்கொண்டிருந்த அறையில் உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். தமிழில் ஒரு சொல் தெரியாது. சோறு பிடிக்காது. பாணுக்குள் கடலைமாப் பொரியல் வைத்துத் தரும் வண்டிக்காரனிடம்தான் உயிர். கோப்பில் மட்டும் தமிழ்ப் பிள்ளை.

அவளுக்காகச் சாமித்தட்டு இருந்த சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தோம். பிள்ளைக்குத் தனி அறை இல்லாவிட்டால் தரமாட்டார்கள். புதுக் கட்டில், புது மெத்தை. மெத்தையின் பிளாஸ்டிக் உறைக்கு மேலேயே விரிப்பை விரித்தோம்.

இதில் என்ன இருக்கிறது? எங்கள் ஆட்களின் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். சோபாவுக்குப் பிளாஸ்டிக். தொலைக்காட்சி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக், அது கிழியாமலிருக்க இன்னொரு பிளாஸ்டிக். குளிர்சாதனப் பெட்டியின் கைபிடியில் நீலத் தாள் பாதி உரிந்து தொங்கும், முழுவதாக உரிக்க யாருக்கும் மனம் வராது. எங்கள் சோபா பதினொரு வருடமாக உறைக்குள் இருந்தது. அதன் நிறம் என்னவென்று கேட்டால் நான் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன். கோடையில் வெறுங்காலோடு உட்கார்ந்தவர்கள் எழும்பும்போது தோல் உரியும். இதற்கெல்லாம் போர், இடப்பெயர்வு என்று யாரும் காரணம் தேட வேண்டாம். ஒரு சாமானும் வாழ்க்கையில் பழசாகக் கூடாது என்ற அற்பத்தனம், அவ்வளவுதான். எனக்கும் அது நிறைய உண்டு.

பிள்ளை அந்தக் கட்டிலில் படுத்துப் புரண்டால் சரசரவென்று சத்தம் கேட்கும். முதல் மாதங்களில் அதன் மேல் ஏறிக் குதித்தாள். திட்டினேன், கேட்கவில்லை.

பிள்ளை வந்த செய்தி பரவியதும் எங்கள் ஆட்கள் பார்க்க வந்தார்கள். செத்த வீட்டுக்கு வருவதா, பிறந்த வீட்டுக்கு வருவதா என்று தெரியாத ஒரு முகத்தோடு வந்தார்கள். பிள்ளையின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி மூக்கைப் பார்த்தார்கள், நிறத்தைப் பார்த்தார்கள். “உங்கடை சாயல் கொஞ்சம் இருக்கு” என்று எனக்கே பொய் சொன்னார்கள். போகும்போது படியில் நின்று வேறு கதைத்தார்கள். எங்கள் படிக்கட்டில் கதைப்பது மூன்று மாடிக்கும் கேட்கும்.

இவர்களில் முதல் பரிசு சீலை விற்கிற அக்காவுக்குத்தான் கொடுக்க வேண்டும். பக்கத்துச் சந்தில் இருக்கிறா. ஊரிலிருந்து சேலை வருவித்து வீட்டில் வைத்து விற்கிறா. சேலையைக் காட்டுவதற்குள் நாலு வீட்டுக் கதையைக் கறந்துவிடுவா. பிள்ளை வந்து நான்காவது மாதம், கையில் ஒரு பழரசப் பெட்டியோடு வந்து என் சமையலறையில் உட்கார்ந்தா. பிள்ளை அதே மேசையின் மறுபக்கத்தில் படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

“பிள்ளைக்குத் தமிழ் விளங்குமே?”

“ஒண்டும் விளங்காது அக்கா. ஒரு சொல் கதைக்கமாட்டாள்.”

“அப்ப சரி. ஆற்றை பிள்ளை?”

“அரசாங்கத்தின்ரை.”

“அது தெரியும். தாய் எந்த ஊர்? என்ன ஆக்கள்?”

“நகரசபையிலை அதுக்கும் ஒரு ஃபோர்ம் இருக்காம். நிரப்பிக் கேக்கட்டே?”

“பகிடி விடாதையும். உம்மடை நல்லதுக்குத்தான் கேக்கிறன்.” எழும்பிப் போய் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தா. “நாளைக்குத் திருப்பிக் குடுக்கிற பிள்ளைக்கு ஏன் புதுக் கட்டில், புது மெத்தை? எங்கடை வீட்டிலை பழையது ஒண்டு சும்மா கிடக்கு. கேட்டிருந்தால் தந்திருப்பன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் நான் கத்துகிறவள் அல்ல. சிரித்த முகத்தோடு நக்கல் அடிப்பேன், அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

“அதுக்குத்தான் அக்கா பிளாஸ்டிக் கழட்டேல்லை,” என்றேன். “பிள்ளையைத் திருப்பிக் குடுக்கேக்கை மெத்தையையும் கடைக்காரனிட்டைத் திருப்பிக் குடுத்திடலாம்.”

அந்த மனுசிக்கு உறைக்கவில்லை. தலையை ஆட்டினா. “ஓம், அது நல்ல யோசினைதான்” என்றா. அன்றிரவு இதைக் கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இவ்வளவு மொக்கு மனுசி எப்படி வியாபாரம் செய்கிறா என்று இரண்டு பேரும் வியந்தோம்.

அதற்குப் பிறகு பிள்ளை மாறினாள். நல்ல மாற்றம் என்றுதான் நினைத்தேன். கட்டிலில் குதிப்பதை விட்டாள். காலையில் எழும்பியதும் விரிப்பை இழுத்துச் சரி செய்தாள். அறைக்குள் சாப்பாடோ குடிபானமோ கொண்டுபோவதில்லை, எல்லாம் சமையலறையில்தான். கட்டிலின் ஒரு ஓரத்தில் மட்டும் படுத்தாள். கேட்பவர்களிடமெல்லாம் சொன்னேன், என்ன ஒழுங்கான பிள்ளை, நான் பழக்கின பழக்கம் என்று. சிஞ்ஞோராவும் மெச்சினாள். நான் குளிர்ந்து போனேன்.

அடுத்த கோடையில் அசிஸ்தெந்தே வந்தாள். அதற்குள் பெற்றவள் பிள்ளையை வளர்க்கும் நிலைக்குத் திரும்பமாட்டாள் என்று நீதிமன்றம் முடிவு செய்திருந்தது. தத்துக்கு நாங்களும் கேட்டிருந்தோம். அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள், கட்டிலில் கையை ஊன்றினாள், சரசரத்தது. விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள்.

“பிள்ளை படுக்கையை நனைக்கிறாளா?”

“இல்லை.”

“அப்படியானால் ஏன் இது?”

“பழுதாகாமலிருக்க,” என்றேன். வேறென்ன சொல்வது? பிளாஸ்டிக் எதற்கென்றுகூட விளக்கம் கேட்கிறவளுக்கு நான் என்ன வகுப்பா எடுக்க முடியும்? அவள் எழுதினாள். இலையுதிர் காலத்தில் அந்த எழுத்துத்தான் வழக்கறிஞரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அவர் அதை வாசித்துக் காட்டிய அன்று மாலையே கத்தரிக்கோலோடு அறைக்குள் போனேன். விரிப்பை இழுத்ததுதான் தாமதம், பிள்ளை எங்கிருந்தோ ஓடி வந்து மெத்தையின் மேல் குப்புற விழுந்தாள். தொடாதே, தொடாதே என்று இத்தாலியத்தில் கத்தினாள். இரண்டு கையாலும் உறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை விலக்கப் பார்த்தேன். மணிக்கட்டில் கடித்துவிட்டாள்.

கணவர் வந்து என்னைப் பின்னால் இழுத்தார். “விடுமப்பா. பிள்ளை பயப்பிடுது.”

“மெத்தைக்கு என்னத்துக்குப் பயப்பிடோணும்? எங்களை இஞ்சை கோட்டிலை இழுத்து வைச்சிருக்கினம், இவவுக்குப் பிளாஸ்டிக் வேணுமாம்!”

“பிறகு பாப்பம்.”

“ஒண்டும் பாக்கவேண்டாம். வேர்த்து ஊறிக் கிடக்கட்டும்.”

கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு மூன்று தடவை மறுபடி முயன்றேன், அதே கூத்து. பிள்ளை பள்ளிக்குப் போன நேரத்தில் கழற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கணவர் விடவில்லை. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் குறுக்கே நின்றார். “அவள் வேண்டாம் எண்டு சொன்னவள். களவாச் செய்யிறது சரியில்லை” என்றார். பெரிய நீதிமான் என்று அவரையும் திட்டினேன். ஆனால் கழற்றவில்லை.

பெப்ரவரியில் இரண்டாவது தடவை வந்தார்கள். அசிஸ்தெந்தேயோடு நூல்பந்து மனநல நிபுணியும் வந்திருந்தாள். கணவர் லீவு போட்டுவிட்டு மேற்சட்டை அணிந்து, நேர்முகப் பரீட்சைக்கு வந்தவர் போல நின்றார். இவள் தேத்தண்ணி குடிக்கமாட்டாள் என்பதால் நான் சிவப்புத் தோடம்பழம் பிழிந்து கண்ணாடிக் குவளைகளில் வைத்தேன். நிபுணி குடித்தாள். அசிஸ்தெந்தே வழக்கம்போலத் தொடவில்லை. எல்லோரும் பிள்ளையின் அறைக்குப் போனோம். அசிஸ்தெந்தே கட்டிலில் கை வைத்தாள். சரசரத்தது. அவள் நிபுணியைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளை கைவிட்டுப் போகிறாள் என்று.

“எத்தனை தடவை எடுக்கப் பார்த்தேன், இவள்தான் விடுகிறாள் இல்லை,” என்றேன். எனக்கே அது பொய் போலக் கேட்டது.

நிபுணி பிள்ளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். முதல் முறையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். “உறையை எடுத்தால் என்ன ஆகும்?”

பிள்ளை எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பது போன்ற ஒரு பார்வை. பிறகு இத்தாலியத்தில் பொறுமையாக விளக்கினாள். உறை கிழிந்தால் கடைக்காரன் மெத்தையைத் திருப்பி எடுக்கமாட்டான். அப்போது இவர்களுக்கு நட்டம். நட்டம் வந்தால் தன்னோடு கோபமாக இருப்பார்கள். தான் போன பிறகும் கோபமாக இருப்பார்கள்.

“யார் அப்படிச் சொன்னது?”

பிள்ளை என்னை நோக்கி மோவாயை நீட்டினாள். பிறகு வாயைத் திறந்து தமிழில் சொன்னாள்.

“அதுக்குத்தான் அக்கா பிளாஸ்டிக் கழட்டேல்லை. பிள்ளையைத் திருப்பிக் குடுக்கேக்கை மெத்தையையும் கடைக்காரனிட்டைத் திருப்பிக் குடுத்திடலாம்.”

ஒரு சொல் பிசகவில்லை. அந்தச் சிரிப்பு, இழுப்பு, நக்கல் எல்லாம் அப்படியே. எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் முழுத் தமிழ் வசனம் அதுதான்.

கணவர் சுவரில் சாய்ந்துவிட்டார். அசிஸ்தெந்தே என் பக்கம் திரும்பினாள். பேனா கையில் இருந்தது.

“என்ன சொன்னாள்? மொழிபெயருங்கள்.”

அந்த அறையில் தமிழும் இத்தாலியமும் தெரிந்தவர்கள், பிள்ளையையும் சேர்த்து, மூன்று பேர். கணவர் வாய் திறக்கமாட்டார். நான் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். யாரோ பக்கத்து வீட்டுக்காரி சொன்னது, பிள்ளை மாறி விளங்கிவிட்டாள் என்றால் போதும், அவர்கள் நம்பியிருப்பார்கள். பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பொய் சொன்னால் அதைப் பிடிக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

மொழிபெயர்த்தேன். சொல்லுக்குச் சொல் சொன்னேன். பிள்ளை காட்டியது சரி, அதைச் சொன்னவள் நான்தான் என்றும் சொன்னேன். பகிடிக்குச் சொன்னது என்று சேர்க்கப் பார்த்தேன். இத்தாலியத்தில் அதைச் சொல்லும்போது அது பகிடியாக இல்லை. தமிழிலும் இருந்திருக்கவில்லை. அந்த நக்கலுக்கு அடியில் எனக்கும் ஒரு எண்ணம் கிடந்தது உண்மைதான். எப்படியும் ஒரு நாள் பறித்துக்கொண்டு போவார்கள், முழுவதாக ஆசை வைக்காதே என்று என்னை நானே பிடித்து வைத்திருந்தேன். அதைச் சீலைக்காரியின் தலையில் கொட்டினேன், பிள்ளை பொறுக்கி எடுத்து வைத்திருந்தாள். அந்தச் சால்வைக்காரி, நான் மனத்துக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிய அந்தப் பெட்டை, ஒரு மெத்தையைத் தொட்டுப் பார்த்தே இதை மோப்பம் பிடித்திருக்கிறாள். எனக்கு என்னைக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

அசிஸ்தெந்தே எழுதவில்லை. பேனாவை மூடினாள். அதைப் பார்த்ததும் இன்னும் பயமாக இருந்தது.

பிள்ளைக்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னவளே வந்து அது சும்மா சொன்னது என்றால் யார் நம்புவார்கள்? நான் போய்க் கத்தரிக்கோலை எடுத்தேன். நேரே கூடத்துக்குப் போனேன். சோபாவின் உறையை நடுவால் கிழித்தேன். பதினொரு வருடத்துப் பிளாஸ்டிக், மஞ்சள் பிடித்து, பப்படம் போல் உடைந்தது. உள்ளே சோபா பச்சை நிறம். ரிமோட்டின் இரண்டு உறையையும் பிய்த்தேன். குளிர்சாதனப் பெட்டியின் நீலத் தாளை நகத்தால் சுரண்டி இழுத்தேன். நிபுணி என்னவோ சொல்ல வந்தாள், அசிஸ்தெந்தே அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கணவர் பின்னாலேயே வந்து கிழித்ததையெல்லாம் பொறுக்கினார்.

பிள்ளை வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள், இல்லத்தில் அன்று நின்ற மாதிரியே. எனக்கு மூச்சு வாங்கியது. கட்டிலருகே வந்து நின்றேன். அதற்கு மேல் கை போகவில்லை.

அவள் கையை நீட்டினாள். கத்தரிக்கோலைக் கொடுத்தேன். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அவளே வெட்டினாள். கணவர் மெத்தையைத் தூக்கிப் பிடிக்க, உறையை உருவி எறிந்தாள். பிறகு மெத்தையைச் சுற்றி வந்து பார்த்தாள். திருப்தி இல்லை. கூடத்துக்குப் போனாள். அசிஸ்தெந்தே தொடாமல் வைத்திருந்த சிவப்புத் தோடம்பழச் சாற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒரு துளி சிந்தாமல் நடந்து வந்தாள். மெத்தையின் நட்டநடுவில் குவளையைக் கவிழ்த்தாள்.

“இனிக் கடைக்காரன் எடுக்கமாட்டான்,” என்றாள், தமிழில்.

சாறு பரவி ஊறும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த முறை யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

வெயில் காலம் தொடங்கும்போது நீதிமன்றத்துக் கடிதம் வந்தது. பிள்ளை எங்களுக்குத்தான். புது அறிக்கையில் அசிஸ்தெந்தே என்ன எழுதினாள் என்று வழக்கறிஞர் வாசித்துக் காட்ட வந்தார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். அவள் இப்போதும் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிப்பதில்லை. எனக்கும் அவளை இப்போதும் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. தெருவில் கண்டால் நின்று கதைப்போம்.

செய்தி கேட்டுச் சீலை விற்கிற அக்கா ஓடி வந்தா, வரமாட்டாவா? வழக்கம்போல அறைக்குள் எட்டிப் பார்த்தா. அன்று விரிப்புகளைத் துவைக்கப் போட்டிருந்தேன். மெத்தையில் தட்டளவு செம்மண் நிறத்தில் ஒரு கறை.

“ஐயோ, புது மெத்தை! பத்தொன்பது வருசமா வெள்ளைக்காரற்றை வீட்டுக் கறையெல்லாம் எடுக்கிறீர், இதை விட்டு வைச்சிருக்கிறீரே? வினாகிரி போட்டுத் தேச்சால் போயிடும்.”

நான் வாயைத் திறந்தேன். நல்ல பதில் ஒன்று நுனி நாக்கில் நின்றது. அதை விழுங்கிக்கொண்டேன்.

பிள்ளை கட்டிலில் ஏறிச் சப்பாணி கட்டி, கறையின் மேலேயே உட்கார்ந்தாள். அக்காவை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள்.

“அதைப் போக்க வேண்டாம், அன்ரி,” என்றாள். “அது நான் வைச்சது.”